போர் நூலின் செலவுக் கணக்கு

விமான நிலையப் புத்தகக் கடைகளில் மேலாண்மை நூல்களின் தட்டில் தவறாமல் இடம்பிடித்துவிடுகிற பழைய நூல் ஒன்று உண்டு: சுன் சூ எழுதியதாகச் சொல்லப்படும் 'போர்க்கலை'. பதின்மூன்று இயல்கள், ஏறத்தாழ 6,000 சீன எழுத்துகள். ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடலாம். 1772-இல் ஏசு சபைப் பாதிரியார் அமியோ பாரிஸில் அதன் பிரெஞ்சு வடிவத்தை வெளியிட்டார். 1910-இல் லயனல் ஜைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அது வணிகர்களின் வேதமாக ஆனதோ மிக அண்மையில்தான். 1987-இல் வந்த 'வால் ஸ்ட்ரீட்' திரைப்படத்தில் பங்குச்சந்தைப் பெருமுதலாளி ஒருவன் அதை ஆதாரமாகக் காட்டிப் பேசினான். விற்பனையாளருக்கு, வழக்கறிஞருக்கு, விளையாட்டு வீரருக்கு என்று தனித்தனி விளக்க நூல்கள் இன்று குவிந்துகிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் ஓடுகிறது: சந்தை ஒரு போர்க்களம், போட்டியாளர் பகைவர், ஊழியர்கள் படை, ஆகவே வென்ற தளபதியின் தந்திரம் வெல்ல விரும்பும் வணிகருக்கும் கைகொடுக்கும். இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். நூல் மீது குறை சொல்வது என் நோக்கமில்லை. அதில் நம் வாழ்வுக்குள் வரக்கூடிய பகுதியை அப்படியே விட்டுவிட்டு, வரவே முடியாத பகுதியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதே என் வாதம்.

நூலைத் திறந்து இரண்டாம் இயலுக்கு வந்தால் அங்கே வீரம் இல்லை, செலவுப் பட்டியல் இருக்கிறது. விரைவுத் தேர்கள் ஆயிரம், பாரத் தேர்கள் ஆயிரம், கவசம் பூண்ட வீரர் ஒரு லட்சம், ஆயிரம் லி தொலைவுக்குத் தானியம் கொண்டுசெல்லும் வண்டிகள், வரும் தூதர்களுக்கு விருந்து, பசைக்கும் அரக்குக்கும் ஆகும் பணம்கூட விட்டுப்போகவில்லை. இத்தனையும் சேர்ந்து நாளொன்றுக்கு ஆயிரம் பொன் என்கிறார். எதிரி மண்ணில் கைப்பற்றும் ஒரு மூட்டை தானியம் ஊரிலிருந்து சுமந்துவரும் இருபது மூட்டைக்குச் சமம் என்று போக்குவரத்துச் சேதாரத்தைக் கணக்கிடுகிறார். நீண்ட போரால் எந்த நாடும் பயனடைந்ததில்லை என்பது அந்த இயலின் முடிபு. மூன்றாம் இயலில் கோட்டை முற்றுகையை எல்லா வழிகளிலும் கடைசியானதாக வைக்கிறார். காரணத்தையும் கணக்காகவே தருகிறார். தளவாடம் செய்ய மூன்று மாதம், மண்மேடு எழுப்ப இன்னும் மூன்று மாதம், பொறுமை இழந்த தளபதி வீரர்களை எறும்புகளைப்போலச் சுவரேற விட்டால் மூன்றில் ஒருவர் சாவார். கோட்டை அப்போதும் விழாது. பன்னிரண்டாம் இயல் நெருப்பால் தாக்கும் முறைகளைச் சொல்லிவிட்டு, எதிர்பாராத இடத்தில் நிற்கிறது: சினத்தால் அரசன் போர் தொடங்கக் கூடாது, சினம் ஒருநாள் மகிழ்ச்சியாக மாறலாம், அழிந்த நாடு திரும்பாது, இறந்தவர் எழமாட்டார். இந்தக் கவலையைத் தந்திரங்களுக்கு இடையே செருகிய நல்லுரையாக எண்ணிக் கடந்துவிடுகிறோம். நூலின் தந்திரங்கள் அனைத்தும் இந்தக் கவலையிலிருந்தே கிளைக்கின்றன என்பதுதான் என் வாசிப்பு.

முதல் இயலிலேயே அதற்கான அடையாளம் இருக்கிறது. படை புறப்படுமுன் முன்னோர் கோயிலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும் சடங்கை அது விவரிக்கிறது. ஆட்சியின் மீது மக்களுக்கு எவ்வளவு ஒப்புதல், பருவம் யார் பக்கம், நிலம் யார் பக்கம், தளபதி எப்படிப்பட்டவர், ஒழுங்குமுறை எவ்வளவு உறுதி என்று ஐந்தையும் இரு தரப்புக்கும் நிறுத்துப் பார்த்து, கணக்குக் குறைவாக வந்தால் போகாதே என்கிறது. ஒரு வியாபாரி கடை திறக்குமுன் செய்வது இதுதான். நம்முடைய நூல் ஒன்றும் இதே வழியில் நடப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று போருக்கான மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கு முன்வாசலாக வள்ளுவர் வைத்தது தெரிந்துசெயல்வகை. அங்கே அரசனுக்குச் சொல்லப்படுவது வணிகப் பாடம்: அழிவது, ஆவது, பின்னால் வரும் ஊதியம் மூன்றையும் எண்ணிப் பார், வரப்போகும் ஆக்கத்தை நம்பி முதலை இழக்காதே. வலியறிதல் அதிகாரம்கூடப் பகைவன் வலிமையில் தொடங்கினாலும் பின்பாதியில் வரவுக்கும் செலவுக்கும் உள்ள பொருத்தத்தைப் பேசத் திரும்பிவிடுகிறது. சீனத்திலும் தமிழிலும் பழைய அறிஞர்கள் செய்தது ஒரே காரியம். வாளோடு நின்ற அரசனை உட்காரவைக்க அவர்கள் வணிகரின் கணக்கேட்டைக் கடன் வாங்கினார்கள். நாம் அந்தக் கடனைத் தலைகீழாக்கி, கணக்கேட்டோடு உட்கார்ந்திருக்கும் வணிகரை எழுப்பி அவர் கையில் வாளைக் கொடுக்கிறோம்.

சுன் சூ என்ற மனிதர் இருந்தாரா என்பதிலேயே அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தின் நிகழ்வுகளை விரிவாகப் பதிவுசெய்யும் 'சோ சுவான்' அவர் பெயரைச் சொல்வதில்லை. பிற்கால வரலாற்றாசிரியர் சிமா சியன்தான் அவரை வூ நாட்டு மன்னன் ஹெலூவின் தளபதி என்கிறார். 1972-இல் ஷான்டோங் மாநிலத்தின் லின்யி நகரத்தில், யின்சுவேஷான் கல்லறைகளில் மூங்கில் பட்டைகளில் எழுதப்பட்ட பிரதிகள் கிடைத்தபோது, சுன் சூவின் நூலும் அவர் வழியில் வந்த சுன் பின்னின் நூலும் வேறுவேறு என்பது உறுதிப்பட்டது. ஆனால் நூலாசிரியரோடு மரபு இணைத்துப் பேசும் வூ நாட்டின் கதை நன்கு பதிவானது. வணிக உரைகள் அதைச் சொல்வதில்லை. கி.மு. 506-இல் வூ படை போஜூவில் வென்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய சூ நாட்டின் தலைநகரம் யிங்கைக் கைப்பற்றியது. அடுத்த பத்தாண்டில் ஹெலூ தெற்கே யுவே நாட்டோடு மோதிக் காயம்பட்டு இறந்தான். அவன் மகன் ஃபூசாய் கி.மு. 494-இல் யுவேயைத் தோற்கடித்தான்; பின் வடக்கே தலைமை தேடிப் புறப்பட்டான். படைக்கு உணவு அனுப்பக் கால்வாய் வெட்டினான், எச்சரித்த மூத்த அமைச்சர் வூ சிசூவைச் சாகச் சொல்லிக் கட்டளையிட்டான். கி.மு. 482-இல் ஹுவாங்சியில் சிற்றரசர் கூட்டத்தில் முதலிடத்துக்கு அவன் வாதாடிக்கொண்டிருக்கையில் யுவே படை அவன் தலைநகருக்குள் நுழைந்தது. கி.மு. 473-இல் வூ நாடே இல்லாமல் போயிற்று. இரண்டாம் இயல் சொன்ன அழிவு வரிக்கு வரி நிகழ்ந்தது, அந்நூலோடு சேர்த்துப் பேசப்படும் நாட்டிலேயே. போஜூவை மட்டும் சொல்லி நிறுத்துகிற உரைகாரர் முதல் ஆண்டு லாபத்தை மட்டும் காட்டி நிறுவனத்தை விற்பவரைப்போல நடந்துகொள்கிறார்.

இதைவிடக் கசப்பான பாடம் சாவோ குவோவினுடையது. சாவோ நாட்டின் புகழ்பெற்ற தளபதி சாவோ ஷேயின் மகன். சிறுவயது முதல் போர் நூல்களைக் கரைத்துக் குடித்தவன். விவாதத்தில் தந்தையாலேயே அவனை மடக்க முடியவில்லை. ஆனாலும் தந்தை அவனைப் பாராட்டவில்லை. போர் என்பது சாவின் நிலம், இவன் அதை எளிதாகப் பேசுகிறான் என்பது அவர் கவலை. கி.மு. 260-இல் சாங்பிங்கில் சின் படைக்கு எதிரே முதிய தளபதி லியன் போ அரண்களுக்குள் பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமை எரிச்சலூட்ட, சின் நாடு ஒற்றர்களுக்குப் பொன் கொடுத்து ஒரு வதந்தியைப் பரப்பியது: சின் அஞ்சுவது சாவோ குவோவுக்கு மட்டுமே. மன்னன் நம்பினான். குவோவின் தாய் மன்னனுக்கு எழுதிய விண்ணப்பத்தை சிமா சியன் பதிந்திருக்கிறார். தன் கணவர் மன்னர் தந்த பரிசையெல்லாம் அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் பகிர்ந்தார், படைப்பொறுப்பு ஏற்ற நாளிலிருந்து வீட்டு விவகாரம் கேட்கமாட்டார். மகனோ தந்த பொன்னையும் பட்டையும் வீட்டில் பூட்டிவைத்து, மலிவாக நிலமும் வீடும் எங்கே கிடைக்கும் என்று நாள்தோறும் தேடுகிறான் என்றார் அந்தத் தாய். மன்னன் கேட்கவில்லை. குவோ தாக்கப் பாய்ந்து சூழப்பட்டான். 46 நாள் உணவின்றிக் கிடந்த படையோடு முற்றுகையை உடைத்து வெளியேற முயன்று அம்புக்கு இரையானான். சரணடைந்தவர்களையும் சேர்த்து இறந்தோர் நாலரை லட்சம் என்கிறார் சிமா சியன். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம், நிகழ்வு மிகையல்ல. நூல் தெரியாததால் அவன் தோற்கவில்லை. நூலின் சொற்களை எடுத்துக்கொண்டு அதன் அச்சத்தை விட்டுவிட்டான். தாய் கண்டது அதைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. நூலில் எல்லாப் போரும் ஏமாற்றே என்ற பொருளில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறதே. கடைசி இயல் முழுக்க ஒற்றர்களைப் பற்றியதாயிற்றே. மென்மையான இடங்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சுன் சூவை ஓர் அகிம்சைவாதியாக்குவது நேர்மையா? அவர் அகிம்சைவாதி அல்லர். ஆனால் அந்தப் பதின்மூன்றாம் இயல் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மறுபடியும் செலவில்தான்: ஒரு லட்சம் பேர் படையெடுத்தால் ஏழு லட்சம் குடும்பங்கள் உழவை விட்டுச் சுமை தூக்க நேரும். இத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிய, ஒரே நாளில் முடிவு தரக்கூடிய செய்திக்கு நூறு பொன் கொடுக்கத் தயங்குகிற தளபதி ஈரமற்றவன் என்கிறார். வஞ்சனைக்கு அவர் தரும் நியாயம் இதுதான்: அது இல்லையென்றால் இன்னும் பலர் சாவார்கள். இந்த நியாயத்தை ஒரு சோப்பு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு எப்படிப் பொருத்துவது? தவறான வாக்குறுதியால் அங்கே எந்த உழவர் குடும்பம் காப்பாற்றப்படுகிறது? நியாயத்தைக் கழித்துவிட்டு வஞ்சனையை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் நிற்பது வெறும் பொய். அதற்கு 2,500 ஆண்டுப் பழமையான சான்றிதழ் தேவையில்லை.

வணிகத்தில் போர் என்ற சொல்லுக்கு மிகப் பொருத்தமான நிகழ்ச்சி எதுவென்று கேட்டால் மேலாண்மைப் பள்ளிகள் ஹோண்டா - யமஹா மோதலைக் காட்டும். 1981-இல், ஹோண்டா கார்களில் கவனம் வைத்திருந்த நேரத்தில், யமஹா பெரிய ஆலையொன்றை அறிவித்து உலகின் முதலிட மோட்டார் சைக்கிள் நிறுவனமாகப் போவதாகச் சொன்னது. யமஹாவை நசுக்குவோம் என்பதே ஹோண்டாவுக்குள் முழக்கமாயிற்று. பதினெட்டு மாதங்களில் ஹோண்டா 113 மாதிரிகளைப் புதிதாக இறக்கியது அல்லது மாற்றியது. யமஹாவால் 37 மட்டுமே முடிந்தது. விலைகள் சரிந்தன, யமஹாவின் வண்டிகள் கிடங்குகளில் தேங்கின. 1983 தொடக்கத்தில் யமஹா தலைவர் பகிரங்கமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார். வேகம், எதிரி சறுக்கிய தருணம், தாங்க முடியாத அழுத்தம் எல்லாமே போர்க்கலையின் இலக்கணப்படி இருந்தன. பாடப்புத்தகம் இத்தோடு முடிகிறது. அதன் பிறகு? ஜப்பானின் உள்நாட்டு மோட்டார் சைக்கிள் விற்பனை 1982-இல் 30 லட்சத்தைத் தாண்டியதே உச்சம். 2010-களில் அது நான்கு லட்சத்தைச் சுற்றிச் சுருங்கிக் கிடந்தது. 1986-இல் மொபெட்டுக்கும் வந்த கட்டாயத் தலைக்கவசம், கார், மாறிய நகர வாழ்க்கை என்று சரிவுக்குப் பல காரணங்கள். மோதலே காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு: வென்றவருக்கும் தோற்றவருக்கும் காலடி நிலம் ஒன்றாகத்தான் கரைந்தது. 2016-இல் இரு நிறுவனங்களும் கூட்டு முயற்சி பற்றி அறிவித்தன. 2018 முதல் யமஹாவின் 50 சிசி ஸ்கூட்டர்களை அதற்காகத் தயாரித்துக் கொடுத்தது ஹோண்டாவின் குமமோட்டோ ஆலை. நசுக்கப்பட வேண்டிய பகைவன் வாடிக்கையாளன் ஆனான். வூ நாட்டுக்கும் யுவே நாட்டுக்கும் இப்படியொரு பின்கதை கிடையாது, இருக்கவும் முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் வணிகத்துக்கும் போருக்கும் உள்ள வேறுபாடு முழுதாக அடங்கியிருக்கிறது. போரில் இரண்டே தரப்பு. சாங்பிங்கில் சின் படையும் சாவோ படையும் யாருக்குச் சிறந்த சேவை தருவது என்று போட்டியிடவில்லை. சந்தையிலோ மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவர் வாங்குபவர். போட்டியாளரை வீழ்த்தினாலும் அவர் வாங்காமல் போய்விட்டால் வெற்றிக்குப் பொருளே இல்லை. சுன் சூவின் நூலில் இந்த மூன்றாமவருக்கு இடமில்லை; அது குறையும் அல்ல, அது எழுதப்பட்ட நோக்கம் வேறு. ஆனால் அந்த நூலைக் கண்ணாடியாக அணிந்துகொண்டு சந்தையைப் பார்க்கிறவருக்கு வாங்குபவர் தெரியமாட்டார், அல்லது கைப்பற்ற வேண்டிய நிலமாகத் தெரிவார். 2016 செப்டம்பரில் ஜியோ இலவச சேவையோடு வந்து, 2017 மார்ச் வரை இலவசத்தை நீட்டியபோது பத்திரிகைகள் அதைப் போர் என்றே எழுதின. வாங்குபவருக்கு அதில் உண்மையான நன்மை இருந்தது. மலிவான இணையம் கோடிக்கணக்கானோர் கைக்கு வந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் கோபுரங்கள் அணைந்து திவாலுக்கு விண்ணப்பித்தபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாமல் கடை வாசல்களில் நின்றவர்கள் எந்தத் தரப்புப் படைவீரர்களும் அல்லர். களத்தில் மூன்று தனியார் நிறுவனங்கள் மிஞ்சின. 2019 டிசம்பரில் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின, 2024-இல் மறுபடியும். போர் என்ற சொல் இந்த மூன்றாமவரை வேடிக்கை பார்ப்பவராக்கிவிடுகிறது.

வணிகத்திலும் சாவு உண்டு, நிறுவனங்கள் அழிகின்றன, வேலைகள் போகின்றன, குடும்பங்கள் சிதைகின்றன. எனவே போர் உவமை மிகையல்ல, உண்மையின் ஒப்புதலே என்று இன்னொரு மறுப்பு வரலாம். இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். போட்டியை விளையாட்டு என்று அழைப்பது இதைவிடப் பெரிய பொய். ஆனால் சேதம் உண்மை என்றால், நூலில் முதலில் வர வேண்டியது எந்த இயல்? சேதத்தை எண்ணும் இரண்டாம் இயல்தானே? சேதத்தைக் காட்டி உவமையை நியாயப்படுத்துகிறவர்கள், உவமை கிடைத்ததும் சேதக் கணக்கை மூடிவைத்துவிட்டுத் தாக்குதலுக்குத் தாவுகிறார்கள்.

படையை ஊழியரோடு ஒப்பிடும் இடம் எனக்கு எல்லாவற்றிலும் கவலை தருவது. பத்தாம் இயல் தளபதி வீரர்களை அன்பு மகன்களைப்போல நடத்தச் சொல்கிறது. கருத்தரங்க மேடைகளில் இது அடிக்கடி ஒலிக்கும். பதினோராம் இயல் ஒலிக்காது. அங்கே வீரர்களுக்குத் திட்டம் தெரியக் கூடாது. ஆட்டு மந்தைபோல் இங்குமங்கும் ஓட்டப்பட வேண்டும். உயரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட வேண்டும். தப்ப வழியற்ற சாவு நிலத்தில் தள்ளினால்தான் அவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடுவார்கள். கி.மு. 204-இல் ஹான் சின் என்ற தளபதி ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படையை நிறுத்தி ஜிங்சிங்கில் வென்றது இந்த விதியால்தான்; அதை அவரே பின்னர் தம் அதிகாரிகளுக்கு விளக்கினார். அன்று அது பலித்தது. ஆனால் அந்த வீரர்கள் வேலையை விட்டு வேறிடம் போக முடியாதவர்கள். தப்பினால் தண்டனை, நின்றால் போர். ஓர் அலுவலகத்தில் இலக்கைத் தொடாதவருக்கு வேலையில்லை என்று ஏணியை எடுத்தால், திறமையுள்ளவர் முதலில் வெளியேறுவார். போக்கிடமற்றவர் எண்களைத் திரித்தாவது இலக்கைக் காட்டுவார். அன்பு மகன் என்ற சொல்லும் ஆட்டு மந்தை என்ற சொல்லும் ஒரே நூலில், ஒரே மனிதர்களைப் பற்றி, ஒரே பயனுக்காகச் சொல்லப்பட்டவை. முதலாவதை மட்டும் எடுத்து மேடையில் பேசினால் இரண்டாவது சொல்லாமலே கூட வந்துவிடும்.

அப்படியானால் என்ன மிஞ்சும் என்று கேட்டால், நிறையவே மிஞ்சும் என்பேன். எட்டாம் இயல் தளபதியை வீழ்த்தும் ஐந்து குணங்களைச் சொல்கிறது: சாகத் துணிந்த முரட்டுத்தனம், பிழைத்தால் போதும் என்ற கோழைத்தனம், உடனே மூளும் சினம், களங்கம் பொறுக்காத மானம், படைவீரர் மீதான அளவு கடந்த பரிவு. இவற்றில் பின்னிரண்டைக் கவனிக்க வேண்டும். அவை குற்றங்களாகப் பட்டியலில் வருமென்று நாம் நினைத்திருக்கமாட்டோம். ஒருவருடைய நற்பண்பே அவரை எதிரியின் பிடிக்குள் கொண்டுசேர்க்கும் வழியை இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நான் வாசித்ததில்லை. இங்கே பகைவனைத் தேட வேண்டியதில்லை, ஆராயப்படுகிறவர் நாமே. பத்தாம் இயல் இன்னொன்று சொல்கிறது: புகழுக்காக முன்னேறாமலும் பழிக்கு அஞ்சிப் பின்வாங்கத் தயங்காமலும் மக்களைக் காப்பதையே நோக்கமாகக் கொண்ட தளபதிதான் நாட்டின் செல்வம். பின்வாங்குதலுக்கு இவ்வளவு மதிப்புத் தந்த வாக்கியத்தை வெற்றி நூல்கள் ஏன் தவிர்க்கின்றன என்பது எளிதில் புரியும்.

அதற்கு வணிகத்தில் ஓர் உதாரணம் உண்டு. இன்டெல் நிறுவனம் நினைவகச் சில்லுகளால் வளர்ந்தது. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் அதே சில்லைத் தரமாகவும் மலிவாகவும் செய்தன. நினைவகம் தன் அடையாளம் என்று இன்டெல் ஏறத்தாழ ஓராண்டு தடுமாறியது. நம்மை நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்தால் அவர் என்ன செய்வார் என்று இன்டெல் தலைவர் ஆண்ட்ரூ க்ரோவ் 1985-இல் தலைமை நிர்வாகி கோர்டன் மூரிடம் கேட்டதாகத் தம் நூலில் எழுதுகிறார்; மூரின் பதில், நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்பது. அவர்களே வெளியேறினார்கள். மானம் என்ற நான்காவது குற்றத்திலிருந்து விடுபட, தம்மை அந்நியராக எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. இன்று எல்லோரும் சரியென்று ஒப்புக்கொள்ளும் முடிவு அது. அந்தச் சரியான முடிவிலும் ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சாவோ குவோ தன் பிழைக்கு அம்புகளின் நடுவே விலை கொடுத்தான், ஃபூசாய் தன் கையால் இறந்தான். பழைய நூல்கள் தளபதியிடம் அத்தனை கடுமையாகப் பேசியதற்குக் காரணம், கணக்கு தவறினால் செலவில் ஒரு பங்கு அவர் தலையிலும் விழும் என்பது. இன்டெல்லில் தடுமாறிய அந்த ஓராண்டுக்கான செலவை ஏற்றவர்கள் முடிவெடுத்த அறையில் இருந்தவர்கள் அல்லர். கோயிலில் உட்கார்ந்து எண்ணுவது ஓராண்டு முன்பே நடந்திருந்தால் வேலை இழந்தோர் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்கிற வணிகப் போர் நூல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.